இடப்பக்கத்து டயர்கள்

ஏரிக்கரை முகாம், டுகும்காரி அருகே
மே 9

எமெட்,

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அடித்து அடித்துப் பார்த்துச் சலித்திருப்பாய். முகாம் அலுவலகத்துக்குப் போன் செய்து, "என் தங்கச்சி சாப்பிடுறாளா" என்று நீ விசாரித்ததாக அங்கிருக்கும் பெண் சொன்னாள். இனி அங்கேயும் அழைக்காதே. எழுத வேண்டுமென்றால் எழுது. கடிதத்தை நடுவில் நிறுத்தலாம், கிழித்தும் போடலாம். உன் குரலை அப்படிச் செய்ய என்னால் முடியாது.

சவ அடக்க மண்டபத்தில், போதகர் பார்த்துக்கொண்டிருக்க, உன்னை வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை. என் புருஷனின் சாம்பலை, ஆர்லனின் சாம்பலை, என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ உன் கடைச் சட்டையோடு எதிரே நின்றாய். முதுகில் டயர் படம் போட்ட சட்டை. உன்னிடம் வேறு சட்டையே இல்லையா?

நடந்ததைப் போலீஸ்காரர் சொல்லித்தான் நீ கேட்டிருக்கிறாய். நான் சொல்லிக் கேட்கவில்லை.

அரிசோனாவில் குளிர்காலச் சந்தை முடிந்து, பிக்கப் வண்டியில் எங்கள் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு உன் ஊருக்குத்தான் வந்துகொண்டிருந்தோம். சாண்டா ரோசாவைத் தாண்டியாயிற்று. மதியம், நல்ல வெயில். பின்னால் ஒரு வெடிச்சத்தம். கண்ணாடியில் கறுப்பாக எதுவோ பறந்து போனது. ஆர்லன் "போச்சு" என்று மட்டும் சொல்லி ஓரம் கட்டினான். ஓரம் என்று பேர்தான். கொஞ்சம் தள்ளிப் பாலம். டிரெய்லரின் இடப்பக்கம், வண்டிகள் பறந்துபோகும் பக்கம், வெள்ளைக்கோட்டை ஒட்டி நின்றது. வெடித்ததும் இடப்பக்கத்துப் பின் டயர்தான். அதிலிருந்து கிழிந்த துண்டுகள் தரையைப் பெயர்த்து, சமையல் அலமாரியின் அடியை உடைத்து, தண்ணீர்க் குழாயையும் பிய்த்திருந்தன. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஆர்லன் சிரித்தான். "உங்கண்ணன் டயரு வீட்டுக்குள்ளயே வந்துட்டுது, பாரு. காபி போட்டுக் குடு."

ஜாக்கி போட்டுத் தூக்கினான். நீளமான ஸ்பானர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, எடுத்து வா என்றான். நான் பிக்கப்புக்குள் குனிந்து தேடினேன். அங்கே இல்லை. ஏதோ ஒன்று வண்டியை உலுக்கிவிட்டுப் போனது. நிமிர்ந்தேன். ஜாக்கி பக்கத்தில் ஆர்லன் இல்லை.

லாரிக்காரர் திரும்பி ஓடி வந்து என் பக்கத்தில் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைத் தாடிக்காரர். "நான் பாக்கலைம்மா, நான் பாக்கலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் கோபம் முழுவதும் அதற்குள் எனிட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, உன் கடை வாசலுக்கு.

போன மே மாதம் அந்த வாசலில் நின்றுதானே சொன்னாய்: "விலைதான் கம்மி மார்வா, ஓட்டம் ஒண்ணுதான்." 

தங்குவதற்கு உன் வீட்டுப் பின்னறை எனக்கு வேண்டாம். இங்கே முகாமுக்கு வண்டியோடு வந்து தங்குகிறவர்களைப் பதிவு செய்து, கழிப்பறைகளைக் கழுவிவிட்டால் டிரெய்லர் நிறுத்த இடமும் மின்சாரமும் சும்மா கொடுக்கிறார்கள். உடைந்த தரையில் பலகை அடித்திருக்கிறேன்.

மார்வா


எனிட், ஒக்லஹோமா
மே 16

மார்வா,

முதலில் சட்டை. போலீஸ் போன் வந்தபோது கடையில் இருந்தேன். அப்படியே வண்டியை எடுத்தேன். எரியூட்டும் வரை அந்த ஊரில் காரிலேயே படுத்துக் கிடந்தேன். மாற்றுச் சட்டை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்தது டயர். அன்று உன் காதில் விழுந்ததை நான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. நீ எதிர்க்கடைக்கு ஐஸ் வாங்கப் போயிருந்தாய். ஆர்லன் நல்ல டயரின் விலையைக் கேட்டான், தலையைச் சொறிந்தான். "மலிவானத மாட்டு எமெட். மார்வா கேட்டா நல்லதுன்னு சொல்லு, இல்லேன்னா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டா" என்றான். நான் அவன் சொன்னபடி செய்தேன்.

ஆனால் சும்மா மாட்டி அனுப்பவில்லை. மலிவு டயர் மன்னிக்கத் தெரியாத டயர். நல்ல டயரில் நாலு தப்பு செய்யலாம், இதில் ஒன்றுகூடச் செய்யக்கூடாது. காலையில் சக்கரம் உருளும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவுக்கு நிரப்ப வேண்டும், குறையக்கூடாது. அறுபது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும். கனம் ஏற்றக்கூடாது. எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். தலையாட்டினான்.

இன்னொன்று. சொன்னால் உனக்குக் கோபம் வரும். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கவே கூடாது. ரிம் நசுங்கினால் நசுங்கட்டும் என்று நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அடுத்த வழி வரை உருட்டிக்கொண்டே போயிருக்க வேண்டும்.

நான் கேட்பதற்குப் பதில் எழுது. காலையில் காற்று பார்த்தானா? எதை வைத்துப் பார்த்தான்? இடப்பக்கம் உள்ளே என்னென்ன இருந்தன? அரிசோனாவிலிருந்து கிளம்பும் முன் எதையாவது இறக்கிவிட்டு வந்தீர்களா?

மிச்சமிருக்கும் மூன்று டயரில் அந்த வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதே.

எமெட்


ஏரிக்கரை முகாம்
மே 28

எமெட்,

காப்பீட்டு ஆள்கூட இப்படிக் கேட்கவில்லை. அவர் குடிக்கத் தண்ணீராவது கொடுத்தார்.

செத்தவன் மேல் பழி போடுவது சுலபம். அவனே மலிவானதைக் கேட்டான், அவனே பொய் சொல்லச் சொன்னான், அவனே தப்பான இடத்தில் நிறுத்தினான். இவ்வளவுக்கும் அவன் உன்னை என் அண்ணன் என்று நினைக்கவில்லை, தன் கூடப்பிறந்தவன் என்று நினைத்தான். டயர் மாற்ற நேராக உன்னிடம் வந்தது அதனால்தான். வழியில் எத்தனை கடை இருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒன்றையும் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

காற்று பார்ப்பான். காலையில் சிகரெட்டோடு ஒரு சுற்று வருவான். ஒரு மரக்கட்டையால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவான். காது வைத்துக் கேட்டுவிட்டு, "பாடுது" என்பான். காற்று அளக்கும் கருவி போன வருடமே ஏரியில் விழுந்துவிட்டது. புதிது வாங்கினோமா என்று எனக்கு நினைவில்லை. வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இடப்பக்கம் எங்கள் கட்டில். அதற்கு அடியில் துணி, ஆர்லனின் பூட்ஸ், என் கல் அறுக்கும் மிஷின், என் கற்கள். இந்தக் குளிர்காலத்தில் கற்கள் கொஞ்சம் கூடுதல். சந்தையில் எனக்கு அடுத்த கடை போட்டிருந்த ஹோபார்ட் கிழவருக்குக் கண் போய்விட்டது, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தன் சரக்கு முழுவதையும் எனக்கே கொடுத்தார். கல்லாகிப்போன மரத்துண்டுகள், எமெட். சிவப்பும் மஞ்சளுமாக, உள்ளே வளையம் வளையமாக. அறுத்து மெருகு போட்டால் ஒவ்வொன்றும் சந்தையில் விற்கிற ஒரு பதக்கம். இரண்டு மூன்று வருடத்துக்குப் போதும் என்று சந்தோஷப்பட்டேன். ஆர்லன்தான் தூக்கி வந்து வைத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னும் ஒரு மலை பாக்கி இருக்குடி, அதையும் கட்டிக்கலாமா" என்றான்.

எதையும் இறக்கவில்லை. எதற்கு இறக்க வேண்டும்?

உனக்கு வேண்டிய பதில் கிடைத்ததா? எந்தக் கேள்வி கேட்டாலும் வெடித்தது உன் டயர்தான்.

மார்வா


எனிட்
ஜூன் 8

மார்வா,

நீ சொல்வது சரி. டயர்தான் காரணம்.

போன வாரம் இன்னொருவர் அதே டயரைக் கொண்டு வந்தார். மேல்ரப்பர் உரிந்து தொங்குகிறது. அதிகம் ஓடவும் இல்லை. மிச்சமிருந்தவற்றைக் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். உனக்கு மாட்டியிருக்கக் கூடாது. ஆர்லன் கேட்டாலும் மாட்டியிருக்கக் கூடாது. முன்பு எழுதிய கேள்விகளையெல்லாம் மறந்துவிடு, கோபத்தில் எழுதினேன். ஆர்லன் வண்டியை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான்.

நல்ல டயர் நாலும், ஒரு ஸ்டெப்னியும் லாரியில் அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே. காற்று அளக்கும் கருவி உள்ளே இருக்கிறது. கட்டையால் தட்டிப் பார்க்காதே. பாதிக் காற்று போன டயரும் அப்படித்தான் சத்தம் போடும்.

இடப்பக்கத்து ஸ்பிரிங் பட்டை கொஞ்சம் வளைந்திருக்கலாம். அதனால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் கனமாக எதையும் வைக்காதே. கட்டிலுக்கு அடியில் துணி மட்டும் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

எமெட்


ஏரிக்கரை முகாம்
ஜூன் 25

எமெட்,

டயர்கள் வந்தன. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பக்கத்து இடத்தில் லூடி பெக் என்று ஒருத்தி இருக்கிறாள். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டினவள். "கோவத்துக்கும் ரப்பருக்கும் என்னடி சம்பந்தம்" என்று அவளே பிரித்து, அவளே மாட்டினாள்.

மாட்டியபின் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நீ தப்பு ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. என் சைக்கிளை ரயில்பாதையில் விட்டுவிட்டு வந்து, காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னவன் நீ. இன்றுவரை காற்றுதான் என்பாய். அப்படிப்பட்டவன் ஒரே வரியில் "நீ சொல்வது சரி" என்கிறான். அதோடு நிற்கவும் இல்லை, கட்டிலுக்கு அடியில் துணி மட்டும் இருக்கட்டும் என்கிறான். ஸ்பிரிங் பட்டை வளைந்திருப்பது எனிட்டிலிருந்து உனக்கு எப்படித் தெரிந்தது?

லூடியிடம் கேட்டேன். அவள் டிரெய்லரைத் தன் வண்டியில் கட்டி, தானியக் கிடங்கின் எடைமேடைக்கு இழுத்துப்போனாள். முதலில் முழு வண்டியையும் நிறுத்தினாள். பிறகு இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கிற மாதிரி நகர்த்தினாள். கிடங்குக்காரன் சொன்ன எண்ணைக் கேட்டுவிட்டு, மறுபடி எடை பார்க்கச் சொன்னாள்.

"சொல்லு லூடி."

"சொல்லணுமா?"

"சொல்லு."

"அந்தப் பழைய டயருங்க தாங்குற அளவத் தாண்டி நிக்குது மார்வா. இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் காத்தாடி மாதிரி இருக்கு. கட்டிலுக்கு அடியில என்னத்தடி வச்சிருக்க, பொணமா?"

சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

என் கற்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. என் கடிதத்தைப் படித்தபோது தெரிந்ததா, அதற்கு முன்பேயா? எதையாவது இறக்கினீர்களா என்று முதல் கடிதத்திலேயே கேட்டாய். இறக்க வேண்டியது இருந்தது என்று உனக்கு யார் சொன்னது?

ஆர்லன் உனக்குப் போன் செய்தானா?

என்னைத் தாங்கிப் பிடிக்காதே எமெட். எனக்கு ஐம்பத்தாறு வயது. தெரிந்துகொண்டு அழுதுகொள்வேன். தெரியாமல் உன்னைத் திட்டிக்கொண்டே கிடக்க வைக்காதே.

மார்வா


எனிட்
ஜூலை 3

மார்வா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

போன் செய்தான். மார்ச் மாதம், சந்தை முடியும் சமயம். நீ கடையில் இருப்பதாகச் சொன்னான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"எமெட், இடப்பக்கப் பின் டயர்ல ஓரமா ஒரு வீக்கம் தெரியுது. முட்டை மாதிரி. அப்படியே ஓட்டலாமா?"

"ஓட்டக்கூடாது. ஸ்டெப்னிய மாட்டு. உள்ள என்னத்த ஏத்தி வச்சிருக்க?"

"ஸ்டெப்னி அத விடப் பழசு. உள்ள மார்வாவோட கல்லு."

"பாதியத் தூக்கிப் போடு."

"அது முடியாது."

"ஏன் முடியாது? கல்லுதானே?"

அதற்கு அவன் சொன்னான்: "வீடு கையவிட்டுப் போயி இந்த டிரெய்லருக்கு வந்ததுலேர்ந்து அவ சிரிச்சு நான் பாக்கலை. அந்தக் கெழவன் சரக்கக் குடுத்த அன்னிக்குத்தான் சிரிச்சா. ராத்திரி எழுந்து டார்ச் அடிச்சு அத ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு இருக்கா. இறக்குன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் அவகிட்ட பேசறேன்."

"பேசாத. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன். அடுத்த மாசம் உன்கிட்டதானே வரப்போறோம். நீயே நல்லதா மாட்டிக் குடு. அது வரைக்கும் மெதுவா உருட்டிக்கிட்டு வந்துடுறேன்."

நான் சரி என்றேன்.

நன்றாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த "சரி" என்னுடையது. அங்கேயே ஒரு டயர் வாங்கு, காசை நான் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் பேச்சை மீறி உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். அன்று கடையில் கூட்டம். வாசலில் ஒரு டிராக்டர்க்காரன் கத்திக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் காரணம்.

கல் இல்லாவிட்டால் அந்த டயர் வெடித்திருக்காதா? எனக்குத் தெரியாது. இன்னொருவர் கொண்டு வந்தது பொய் இல்லை. அவர் வண்டியில் கனமே கிடையாது. நல்ல டயராக இருந்தால் அதே கல்லோடு வந்து சேர்ந்திருப்பீர்களா? அதுவும் தெரியாது. தொழிலில் இத்தனை வருடம் இருந்தும், வெடித்த டயரைக் கையில் வைத்துக்கொண்டு இதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு வராது. உங்கள் வண்டியைக் கொண்டுபோய் வைத்திருந்த பழுதுக்கூடத்துக்கு நான் போய் அதை வாங்கி வந்தேன். கடைக்குப் பின்னால் கிடக்கிறது. நாலு முறை பார்த்துவிட்டேன்.

உன் கடிதத்தில் "எதற்கு இறக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாய். அவன் உன்னிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பழி என் மேலேயே இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். நீ என்னைத் திட்டுவது எனக்குப் பழக்கம்தான். உன்னையே நீ திட்டிக்கொண்டு அந்த டிரெய்லரில் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்கு முடியவில்லை.

எமெட்


ஏரிக்கரை முகாம்
செப்டம்பர் 12

எமெட்,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. படித்த அன்றைக்கே கற்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். லூடி உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றேன். கை வீங்கிப்போய் ஒரு வாரம் துடைப்பம் பிடிக்க முடியவில்லை. குவியல் முகாம் ஓரத்தில் கிடக்கிறது. வருகிறவர்கள் எடுத்துப்போய் நெருப்புக்குச் சுற்றி அடுக்கிக்கொள்கிறார்கள். நேற்று ஒரு குடும்பம் அதன் மேல் சோளம் சுட்டுக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை முழுவதும் என் மேல் கோபம். அப்புறம் ஆர்லன் மேல். இதுதான் எல்லாவற்றையும்விட மோசம் எமெட். உன்னைத் திட்டினால் நீ பதில் எழுதுவாய். அவன் என்ன செய்வான்? பாத்திரம் கழுவிக்கொண்டே அவனைத் திட்டுகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் என்ன சின்னப் பிள்ளையா, நான் சிரித்தால்தான் உனக்குச் சோறு இறங்குமா என்று கேட்கிறேன். பக்கத்து வண்டிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

அவன் சொல்லியிருந்தால் அத்தனை கல்லையும் அந்தப் பாலைவனத்திலேயே கொட்டியிருப்பேன் என்று லூடியிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். கொட்டியிருக்க மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் அவனோடு பேசியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் அவனே எல்லாவற்றையும் மறுபடி உள்ளே தூக்கி வைத்திருப்பான். அவனுக்கு என்னைத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. இது எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எங்கே போனாலும் இது என்னோடு வரும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. அந்த "சரி"யை என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு நாள் முடியலாம். முடியாமலும் போகலாம்.

இந்த மாதக் கடைசியில் வடக்கே பீட் கிழங்கு அறுவடைக்குப் போகிறேன். போன தடவை இரண்டு பேருக்கும் வேலை கொடுத்தவர்கள், இந்தத் தடவை ஒருத்திக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி ஓட்ட லூடி கற்றுக்கொடுத்தாள். திருப்பங்கள் இன்னும் பயம்தான். ஓரம் கட்டுவது அதைவிடப் பயம்.

எண்பத்தொன்றாம் சாலை உன் ஊர் வழியாகத்தான் போகிறது. கடையில் நிறுத்துவேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லாதே. அவன் பேரை எடுக்காதே. பின்னறையைக் கூட்டி வைக்காதே. நாலு டயரையும் பார். ஸ்பிரிங் பட்டையைப் பார். உள்ளே ஏறி, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பார். எதிலாவது சந்தேகம் இருந்தால், இதோடு போகாதே என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நான் கத்துவேன். கத்தினாலும் சொல்.

மார்வா